த அடிச்சா து வருது: லப்டொப்பை மாத்த முதல் தமிழைக் காப்பாத்துங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் விண்டோஸ் 10 பற்றிக் கதைக்கும்போது, "தமிழ் ஃபைல்கள் இருக்கிற லப்டொப் எண்டால் கொஞ்சம் பொறுங்கோ, நியூஸ்லெட்டரில எழுதுறன்" என்று சொல்லிவிட்டுத் தப்பி ஓடிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. ஒரு தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வாங்கோ.

முதலில் ஒரு கேள்வி. அப்பாவின் பழைய ஈமெயிலிலோ, கோயில் நோட்டீஸ் ஃபைலிலோ, ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு செமிகோலன் என்று ஒரு சொல்லைப் பார்த்திருக்கிறீர்களா? பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். அது வைரஸும் இல்லை, ஃபைல் பழுதானதும் இல்லை. அது "தமிழ்" என்ற சொல். உங்கள் கணினியில் பாமினி என்ற ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான்.

இது எனக்கு ஏன் இப்போது வந்தது என்றால், நான் சின்ன வயதில் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம். வடமேற்கு லண்டனில், சனிக்கிழமை மட்டும் நடக்கிறது. கிழமை நாட்களில் நான் ஒஃபீஸ்களுக்கு மைக்ரோசொஃப்ட் 365 மாற்றிக் கொடுப்பது, நூறு லப்டொப்பை ஒரே நாளில் செட்டப் பண்ணுவது போன்ற வேலை செய்கிறேன். அதனால் சனிக்கிழமையில், சம்பளம் இல்லாமல், அந்தப் பள்ளிக்கூடத்தின் முழு ஐடி டிபார்ட்மெண்டும் நான்தான். "கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை" என்றால் பிரிண்டரும் பார்க்க வேண்டும், புரொஜெக்டரும் பார்க்க வேண்டும். உங்களுக்கும் தெரிந்த கதைதானே.

பள்ளிக்கூட லப்டொப் விண்டோஸ் 10. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அதே நாளில் ஒஃபீஸ் 2016, ஒஃபீஸ் 2019 இரண்டுக்கும் முடிவு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு ஒன்றை அறிவித்தார்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் அதற்குக் காசு கேட்கவில்லை. ஆனால் எங்கள் லப்டொப்பில் டிபிஎம் 2.0 இல்லை, விண்டோஸ் 11க்குப் போகவே ஏலாது. கமிட்டி புதிது ஒன்று வாங்கியது. "பழையதை ஃபோர்மட் பண்ணி ஆருக்கும் குடுங்கோ தம்பி" என்றார்கள்.

நான் டொகியுமெண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே வன்டிரைவில் ஏற்றி, புது லப்டொப்பை ரீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பரீட்சைத் தாள், வரவு இடாப்பு, ஆண்டு மலர் என்று எல்லாவற்றையும் டைப் பண்ணுவது அவர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார். திங்கள் பின்னேரம் ஃபோன் வந்தது.

"தம்பி, எல்லாம் இங்கிலீஷாப் போச்சு."

கிளையண்டுக்கு இப்படி ஒரு வேலையைச் செய்திருந்தால் என் கொன்ட்ராக்ட் முடிந்திருக்கும். பழைய லப்டொப்பை நான் இன்னும் ஃபோர்மட் பண்ணவில்லை. அது என் கெட்டித்தனம் இல்லை, அந்தக் கிழமை எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

எழுத்து ஒன்று, உடுப்பு இன்னொன்று

என்ன நடந்தது என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் சுகம். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. 80களிலும் 90களிலும் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விடும். தமிழை எங்கே வைப்பது? ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை வரைந்து ஒரு ஃபொன்ட் செய்தார்கள். கணினிக்கு அது சின்ன ஜே. ஃபொன்ட் அதற்கு "த" என்று உடுப்புப் போட்டுக் காட்டுகிறது. சின்ன கே "ம", பி விசிறி, ஓ "ழ", செமிகோலன் குற்று. உடுப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கிலம். ரீச்சர் சொன்னது நூறு வீதம் சரி.

அந்தக் காலத்தில் இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தின் லவுசானில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை என்ற ஃபொன்டைச் செய்தார். 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். எங்கள் ஆட்களிடம், அதாவது ஈழத்திலும் லண்டன், பாரிஸ், டொரொன்டோவிலும் பரவலாகப் புழங்கியது பாமினி. பழைய தட்டச்சு இயந்திரத்தின் பழக்கத்தை ஒட்டிய விசை வரிசை அதற்கு. ஊரில் டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குக் கை தானாகப் போகும்.

1991இல் வந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 லதா என்ற ஃபொன்டோடு வந்தது. பிறகும் ஏன் இத்தனை வருடம் பாமினி? பெரிய காரணம் பேஜ்மேக்கர் என்று நினைக்கிறேன். மலர், நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு என்று அச்சுக்குப் போகிற எல்லாவற்றையும் அதில்தான் போட்டார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அச்சகக்காரர் பாமினி கேட்டால் ரீச்சர் பாமினி அடிப்பார். இதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் வேலை: ஒன்றையும் மாற்றாதீர்கள்

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், மாற்றும் வேலை தொடங்க முதல் இரண்டு விஷயம் செய்யுங்கோ.

ஒன்று, ஃபொன்ட் ஃபைலை எடுத்துக்கொள்வது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அங்கே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் ஒரு பயனர் மட்டும் போட்ட ஃபொன்ட் அவருடைய சொந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். பாமினி என்று ஒன்றுதான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் லப்டொப்பில் தலைப்புக்கு ஒன்று, தடித்த எழுத்துக்கு ஒன்று என்று அதே குடும்பத்து ஃபொன்ட் பத்துக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் எடுங்கோ. புதுக் கணினியில் ரைட் கிளிக், "எல்லாப் பயனருக்கும் நிறுவு". திங்கள் இரவே ரீச்சருக்கு இதைச் செய்துகொடுத்தேன், அவர் நித்திரை கொண்டார்.

இரண்டு, பழைய கணினியிலேயே ஒவ்வொரு முக்கியமான ஃபைலையும் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது. வேர்ட் பிடிஎஃப் செய்யும்போது ஃபொன்டையும் உள்ளே வைத்துவிடும், ஆகவே உலகத்தில் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். தேட முடியாது, கொப்பி பண்ணினால் பழையபடி ஜே கே பி ஓ தான் வரும். பரவாயில்லை. பிற்பாடு மாற்றின ஃபைலில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கிற சாட்சி இதுதான்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஃபொன்ட் போட்டாச்சு, தமிழ் தெரியுது, பிறகென்ன? பிறகு என்னவென்றால், அந்த ஃபைலை ஃபோனில் திறக்க ஏலாது. வாட்ஸ்அப்பில் ஒட்ட ஏலாது. "சௌமியா எந்த வருசம் ஐந்தாம் வகுப்பு?" என்று தேட ஏலாது. இடாப்பை அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில விசை வரிசையில் வரும். கமலாவும் குமாரும் ஒரே எழுத்தின் சின்னதும் பெரியதும் என்பதால் கலந்து நிற்பார்கள், கெங்கா கொம்பின் விசைக்குக் கீழே வேறு எங்கேயோ போய்விடுவா. பார்வை குறைந்த ஒருவர் கணினியை வாசிக்கச் சொன்னால் அது "ஜே கே பி ஓ" என்று வாசிக்கும். யூனிகோட்டுக்கு மாற்றத்தான் வேண்டும்.

கன்வேட்டர் செய்யாத வேலை

இணையத்தில் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியை எங்கள் ஆட்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வேட்டர் என்று கணினியில் போடுகிறதும் உண்டு. ஒட்டினால் ஒரு செக்கனில் தமிழ் வரும், பார்க்கச் சரியாகவே இருக்கும். அந்த "பார்க்கச் சரி" என்பதில்தான் எல்லாம் இருக்கு.

"போ" என்ற எழுத்தை எடுங்கோ. பாமினியில் கண் பார்க்கிற ஒழுங்கில் அடிப்பது: முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ப, பிறகு அரவு. மூன்று விசை. யூனிகோட்டில் முதலில் ப, பிறகு ஓகாரக் குறி, அவ்வளவுதான். ஆகவே மாற்றி வெறுமனே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது, ஒழுங்கையும் திருப்ப வேண்டும். இதை நல்ல மாற்றிகள் எல்லாம் செய்யும்.

அடுத்தது கொஞ்சம் கள்ளத்தனமானது. பாமினியில் "ர்" அடிக்கிறவர்கள் பலர் அரவைப் போட்டு மேலே குற்று வைப்பார்கள். அந்த ஃபொன்டில் அது அழகாக "ர்" மாதிரித் தெரியும். "ரி"யும் அப்படித்தான், அரவும் விசிறியும். சில மாற்றிகள் அதை அப்படியே கொண்டுவரும். விளைவு "அவர்கள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அவா்கள்". உற்றுப் பாருங்கோ, இரண்டும் வேறு. இரண்டாவதில் இருப்பது ர இல்லை, அரவின் மேல் குற்று. தமிழ்ச் செய்தித் தளங்களில்கூட இதை நிறையப் பார்க்கலாம். தேடினால் அகப்படாது. நல்ல காலம், தமிழில் அரவுக்குப் பிறகு குற்றோ விசிறியோ ஒருபோதும் வராது. ஆகவே வேர்டில் கண்டுபிடித்து மாற்று என்று கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றலாம்.

மூன்றாவதில் கண்ணை மூட ஏலாது. பாமினியில் ஒளகாரத்தின் பின்பாதிக்குத் தனி விசை இல்லை, "ள"வைத்தான் அடிக்க வேண்டும். ஆகவே "கௌரி" மாற்றியில் இருந்து "கெளரி" என்று வெளியே வரலாம்: ஒரு கெ, ஒரு ள, ஒரு ரி. மௌனம், பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆனால் "வெள்ளி", "தெளிவு" என்று உண்மையான ளகரமும் கொம்புக்குப் பிறகு வருமே. ஒரு குறுக்கு வழி இருக்கு: ள மேல் குற்றோ வேறு குறியோ இருந்தால் அது உண்மையான ள, தொடாதீர்கள். மொட்டையாக நிற்கிற ளவை மட்டும் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கோ. இந்தப் பந்தியில் எழுதிய "ஒளகார"த்தையும் பார்த்துக்கொள்ளுங்கோ, நான் வேண்டுமென்றே ஒ, ள என்று இரண்டாக அடித்தேன். எத்தனை பேர் கண்டுபிடித்தீர்கள்?

பள்ளிக்கூட இடாப்பில் இது விளையாட்டு இல்லை. கௌசல்யா, கௌதமன், சௌமியா என்று எங்கள் ஆட்களிடம் இந்தப் பெயர்கள் தாராளம். சான்றிதழ் கேட்டு இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தால், தேடலில் "இல்லை" என்று வரும். ஃபைலில் இருந்தும் இல்லாத பிள்ளை.

நான்காவது, கலப்பு. மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. "வெம்பிளி" என்று ஆங்கிலத்தில் இருந்த விலாசமும் ஈமெயில் முகவரியும் தமிழ்க் கஞ்சியாகிவிடும். வேர்டில் தேடல் பெட்டிக்குள் ஃபொர்மட் என்பதில் ஃபொன்ட் பெயரைக் கொடுத்தால் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எங்களிடம் நானூறுக்கு மேல் ஃபைல், அதனால் நான் பைதனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அதே வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேர்ட் ஒரு சொல்லை நடுவில் வெட்டி இரண்டு துண்டாகச் சேமித்திருக்கும். கொம்பு ஒரு துண்டில், ப மற்றத் துண்டில். துண்டு துண்டாக மாற்றினால் கொம்பு அநாதையாக நிற்கும். ஒரே ஃபொன்டில் அடுத்தடுத்து வருகிற துண்டுகளை முதலில் ஒட்டுங்கோ, பிறகு மாற்றுங்கோ. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிறு போனது.

இடாப்பை இணையத்தில் தெரியாத ஒரு பக்கத்தில் ஒட்ட முதல் யோசியுங்கோ. பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோரின் ஃபோன் நம்பர், யாருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடமானாலும் பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சட்டம்தான். ஒரு எளிய சோதனை: மாற்றிப் பக்கத்தைத் திறந்துவிட்டு வைஃபையை நிறுத்துங்கோ. பொய்யாக ஒரு பெயரை ஒட்டி மாற்றிப் பாருங்கோ. வைஃபை இல்லாமலும் மாற்றினால் வேலை உங்கள் பிரவுசருக்குள் நடக்கிறது. மாற்றவில்லை என்றால் நீங்கள் ஒட்டுகிறது வேறு யாருடைய சேர்வருக்கோ போகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஆள் வாசிக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை ரீச்சரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இடாப்புகளைப் பார்த்தோம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் 2004இல் படித்த ஒரு பிள்ளையின் பெயரில் சகரமா ஷகரமா என்று எனக்கு எப்படித் தெரியும்? "அது தாய் வந்து சண்டை பிடிச்சு மாத்தின பெயர், ஷ போடு" என்கிறார். அந்தத் தகவல் எந்த ஃபைலிலும் இல்லை. உங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் அந்த ரீச்சர் இன்னும் இருக்கிறார் என்றால், மாற்றுகிற வேலையை இந்த வருடமே செய்யுங்கோ.

ரீச்சரின் விரல்கள்

புது லப்டொப்பில் ஃபொன்ட் போட்டுக்கொடுத்த மறுநாள் அடுத்த ஃபோன். "தம்பி, நான் த அடிக்கிறன், அது து எண்டு வருது. கீபோர்ட் பழுது போல."

கீபோர்ட் பழுதில்லை. வேர்ட் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே "த", பெரிய ஜே "து". ஆகவே "தமிழ்" என்று வசனம் தொடங்கினால் "துமிழ்" ஆகிவிடும். பழைய லப்டொப்பில் இதை யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ நிறுத்தியிருக்கிறார். ஃபைல், ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோகரெக்ட் என்று போய் வசன முதல் எழுத்து, அட்டவணைக் கட்டங்களின் முதல் எழுத்து இரண்டையும் நிறுத்துங்கோ. இணையத்தில் "துமிழ்" என்று கண்டால் எங்கே இருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

அது தற்காலிகம்தான். ரீச்சர் இனி யூனிகோட்டில் அடிக்க வேண்டும். இங்கேதான் நாங்கள், இளம் ஆட்கள், பெரிய பிழை விடுகிறோம். "ரீச்சர், சும்மா இங்கிலீஷில அம்மா எண்டு அடியுங்கோ, தமிழ் வரும்" என்று ஒலிபெயர்ப்புக் கீபோர்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவோம். எங்களுக்கு அது சுகம், ஏனென்றால் எங்கள் தலை ஆங்கிலத்தில் ஓடுகிறது. அவருக்கு நாற்பது வருடப் பழக்கம் விரலில் இருக்கு. அதை அழித்துவிட்டு முதலாம் வகுப்பில் இருந்து தொடங்கச் சொல்கிறோம். அவர் ஒரு கிழமை முயற்சி செய்வார், பிறகு பேப்பரில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பத் தொடங்குவார்.

அது தேவையில்லை. விசை வரிசை வேறு, சேமிக்கிற குறியீடு வேறு. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் பாமினி விசை வரிசையே இருக்கிறது: விரல் பழைய இடத்துக்குப் போகும், திரையில் விழுவது யூனிகோட். இரண்டும் பழைய மென்பொருள்கள், ஆகவே வெளியிட்டவர்களின் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கோ, ரீச்சரிடம் கொடுக்க முதல் உங்கள் கணினியில் சோதியுங்கோ. முக்கியமாகக் கொம்பை முதலில் அடிக்கிற பழக்கத்தை அது ஏற்கிறதா என்று பாருங்கோ. ஃபொன்டை நிர்மலா அல்லது நோட்டோ தமிழுக்கு மாற்றுங்கோ. அங்கே பாமினி ஃபொன்ட் தெரிவில் இருந்தால் எல்லாம் குழம்பும். ரீச்சருக்கு அரை மணித்தியாலம் போனது. "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று என்னைத்தான் பேசினார்.

நீங்கள் புதிதாகத் தமிழ் டைப் பழகுகிறீர்கள் என்றால் பாமினி வேண்டாம். 1999இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99ஐப் பழகுங்கோ: உயிர் எழுத்து இடது கையில், மெய் வலது கையில், பல இடங்களில் குற்றைத் தானே போடும். விண்டோஸ் 11இல் மொழியில் தமிழைச் சேர்த்தால் கீபோர்ட் பட்டியலில் கிடைக்கும், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மாறலாம். ஐஃபோனில் தமிழ்99உம் அஞ்சலும் 2013 முதல் உள்ளேயே இருக்கின்றன. அண்ட்ராய்டில் ஜிபோர்ட். அதில் குரலால் எழுதும்போது மொழிப் பட்டியலில் தமிழ், இலங்கை என்று இருப்பதைத் தெரிவுசெய்யுங்கோ. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "கதைக்கிறது" என்று சொன்னால் "கதைக்கிறது" என்றே எழுதுகிறது, பெரும்பாலும்.

கணக்கு யாருடையது?

எழுத்து விஷயம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட ஏலாது. பழைய லப்டொப்பின் மைக்ரோசொஃப்ட் கணக்கு, முன்னாள் கமிட்டிக்காரர் ஒருவரின் சொந்த ஈமெயிலில் இருந்தது. அவர் இப்போது கனடாவில். இரண்டாம் கட்டக் கோட் அவருடைய ஃபோனுக்குப் போகிறது. நான் உள்நுழைய வேண்டும் என்றால் அவர் நித்திரையால் எழும்ப வேண்டும். புதுக் கணினியில் இதன் ஆபத்து இன்னும் கூட: மைக்ரோசொஃப்ட் கணக்கோடு செட்டப் பண்ணினால் விண்டோஸ் 11 பெரும்பாலும் டிஸ்க்கைப் பூட்டிவிடும், திறக்கிற சாவி அந்தக் கணக்குக்குள் இருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரில் கணக்குத் திறங்கோ, இரண்டு பேரை நிர்வாகியாகப் போடுங்கோ, சாவியை அச்சடித்துக் கோப்பில் வையுங்கோ. பதிவுசெய்த தொண்டு நிறுவனம் என்றால் மைக்ரோசொஃப்ட் 365 பிசினஸ் பேசிக் 300 பேர் வரை இலவசமாகக் கேட்கலாம். கூகிளிடமும் அப்படி ஒன்று உண்டு.

கடைசியாக அந்த மலர். 2001ஆம் ஆண்டு மலரின் ஃபைல் பேஜ்மேக்கரில் இருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்ததும் அதே 2001இல்தான். பழைய இன்டிசைனில், சிஎஸ்6 வரை, அதைத் திறக்கலாம். இப்போதைய பதிப்பில் முடியாது. அச்சகம் எப்போதோ மூடிவிட்டது. லிப்ரே ஒஃபீஸ் டிரோ என்ற இலவச மென்பொருளுக்கு பேஜ்மேக்கர் ஃபைலை வாசிக்கத் தெரியும் என்று பலருக்குத் தெரியாது. திறந்தேன். பக்கம் எல்லாம் சிதறித்தான் வந்தது, படங்களைக் காணவில்லை, ஆனால் எழுத்து இருந்தது. ஜே கே பி ஓ.

மாற்றிவிட்டு வாசித்துக்கொண்டு போனால் நாலாம் வகுப்பு, "எனது அப்பப்பா", கீழே என் பெயர். நான் அப்படி ஒன்று எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லை. அப்பப்பா ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறும்போது டிரைவருக்கு வணக்கம் சொல்லுவார் என்றும், டிரைவர் திருப்பி வணக்கம் சொல்லப் பழகிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறேன். அப்பப்பா போய்ப் பதினொரு வருடம். அச்சு மலர் எங்கள் வீட்டில் ஒருவரிடமும் இல்லை. அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், படமாக இல்லை, எழுத்தாக. இரண்டு நீல டிக் விழுந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஃபோன் எடுத்தார்.

ஃபைலே இல்லாமல் அச்சுப் பிரதி மட்டும் இருக்கிறவர்கள் ஸ்கான் பண்ணி கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டொக்ஸால் திறந்து பாருங்கோ, தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கும். மலர்களைப் பொதுவில் வைக்கச் சம்மதம் இருந்தால் நூலகம் நிறுவனத்தோடு கதையுங்கோ. 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்க்கிறார்கள். எங்கள் கமிட்டியில் இந்த மாதக் கூட்டத்தில் அதைக் கேட்க இருக்கிறேன்.

உங்களிடம் ஃபைல் இருந்து, அது பாமினியா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை என்றால் முழு ஃபைலையும் எனக்கு அனுப்பாதீர்கள். ஒரே ஒரு வரி, ஆட்களின் பெயர் இல்லாத வரி, இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில் ரவுட்டர் பற்றிக் கதைத்த பிறகு நேரம் இருந்தால் இரண்டு மூன்றைச் சேர்ந்து பார்ப்போம். பழைய லப்டொப் இன்னும் என் மேசைக்குக் கீழே இருக்கு. அதை இப்போதைக்கு ஃபோர்மட் பண்ணப் போவதில்லை.